நூலிழைப் படிவங்கள்

முப்பத்தோரு வருட நர்ஸ் வேலையில் நான் யாரையும் அதட்டியதில்லை. அடையாற்றில் எங்கள் மருத்துவமனைக்கு வந்து யாரைக் கேட்டாலும் "தேவானை மேடமா, தங்கமாச்சே" என்பார்கள். நர்சுகளுக்கெல்லாம் தலைமையாக இருப்பவளுக்கு இப்படி ஒரு பெயர் கிடைப்பது லேசில்லை.

எல்லாம் ஒரு படிவத்தில் ஆரம்பித்தது. நோயாளிக்குத் தவறான மருந்தைக் கொடுக்கப்போய், கடைசி நொடியில் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால், அதை நர்ஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். நூலிழைப் படிவம் என்போம். திட்டு கிடையாது, தண்டனை கிடையாது. தரச்சான்று கொடுக்க வந்தவர்கள் எங்கள் வார்டில் ஒரு படிவம்கூட இல்லை என்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமே நடக்கலையா, இல்ல மறைக்கிறீங்களா?" என்று சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

என் நர்ஸ் பிள்ளைகள் தவறே செய்யாவிட்டால் நான் என்ன செய்வது? அவர்களுக்காக நானே செய்துகொடுத்தேன். காலையில் மருந்து வண்டி கிளம்புமுன் யாராவது ஒரு நோயாளியின் மருந்துக் கிண்ணத்தில் வேறொரு மாத்திரையைப் போட்டுவைப்பேன். சித்திரமும் கைப்பழக்கம், எச்சரிக்கை மட்டும் சும்மா வந்துவிடுமா?

நர்ஸ் ஜஹனாரா முதல் நாளே பிடித்துவிட்டாள். "மேடம், இன்னா இது, பத்தாம் பெட்டு கிண்ணத்துல பிரஷர் மாத்திரை கீது?" தட்டிக்கொடுத்து, படிவம் எழுதச் சொன்னேன். ஒரே வருடத்தில் நாற்பத்திரண்டு படிவங்கள். கேடயம் கொடுத்தார்கள். மேடையில் நின்று, எல்லாம் என் பிள்ளைகளின் உழைப்பு என்றேன்.

நாற்பத்துமூன்றாவது மாத்திரை கயல் கைக்குப் போனது. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அன்று இரண்டு பேர் லீவு. இருபத்திரண்டு நோயாளிகளை ஒருத்தியாகப் பார்த்தாள். அந்த ட்யூட்டி பட்டியலைப் போட்டதும் நான்தான், மறைக்கவில்லை. வழக்கமாக மாத்திரை கொடுப்பவளின் பின்னாலேயே நிற்பேன், தவறவிட்டால் தடுக்க. அன்று பார்த்து ஊழியர் மனநலம் பற்றி ஒரு கூட்டம், நான்தான் பேச்சாளர்.

தி.நகர் ஜவுளிக்கடை வீட்டு சந்திரிகா அம்மா கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்தார். சர்க்கரை வியாதியெல்லாம் கிடையாது. அவர் கிண்ணத்தில் இருந்த, ரத்தச் சர்க்கரையை இறக்கும் மாத்திரையைக் கயல் கவனிக்காமல் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாவோ சஷ்டி விரதம் என்று இட்லியைத் தொடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நோயாளிகள் ஒத்துழைக்காவிட்டால் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? பதினொரு மணிக்கு அவரை எழுப்ப முடியவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கயல் என் அறையில் வந்து உட்கார்ந்தாள். "நான்தான் மேடம் குட்தேன். கண்ண மூட்னா அந்தம்மா மூஞ்சிதான் வருது. எனக்கு இந்த வேலையே வாணாம்."

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா" என்றேன்.

"அந்த மாத்திரை அந்தக் கிண்ணத்துக்கு எப்டி மேடம் வந்துச்சு?"

"அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே. மனசுக்கு நல்லதில்லை."

சொல்லும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மாத்திரையைப் போட்டது நான், கொடுத்தது அவள். ஒரு வார்டு என்றால் எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதானே. விசாரணைக் குழுவிடம் மன்றாடி, வேலையே போக வேண்டியதை இரண்டு மாத சஸ்பென்ஷனாகக் குறைத்தேன். வாராவாரம் அவளைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னதும் நான்தான். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெறாத குறைதான்.

இன்று காலை மறுபடி வேலைக்கு வந்திருக்கிறாள். கிண்ணத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள், பார்க்கப் பாவமாக இருக்கிறது. இந்தப் பயம் போக வேண்டுமென்றால் அவளாகவே ஒரு தவறைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறாம் கட்டில் பெரியவருடைய கிண்ணத்தில் ஒன்று போட்டுவைத்திருக்கிறேன். கண்டுபிடித்துவிடுவாள், என் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதா?