ஒரு மணிக்கு உறைந்த குழாய்

நான் சுத்த சைவம். ஆனாலும் நாற்பத்தொரு ஆண்டுகளாக வாரம் தவறாமல் ஆட்டு ரத்தம் வாங்கியிருக்கிறேன். நோய்க்கிருமிகள் அதில்தான் செழிப்பாக வளரும். அந்த ரத்தத்தைக் கலந்து கிருமி வளர்க்கும் தட்டு தயாரிக்கும் வேலையை யாரிடமும் விட்டதில்லை. முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு.

என் பெயர் சீதாராமன். வயது எழுபத்து நான்கு. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். திருநகரில் என் மகன் ஜெயந்த் நடத்தும் மருத்துவமனையில் பரிசோதனைக்கூடம் என் பொறுப்பு. மருத்துவமனைக்கு என் தகப்பனார் பெயர். அவரும் அவருக்கு முந்தைய மூன்று தலைமுறையும் சுவாமியைத் தொட்டு அபிஷேகம் செய்தவர்கள். ஜெயந்த் சர்ஜன். அவன் முழங்கை வரை கழுவி, எதிலும் படாமல் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். என் தகப்பனார் கருவறைக்குள் போவது போலவே இருக்கும். விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

தை, மாசியில் அவன் ஆபரேஷன் செய்த ஐந்து பேருக்குத் தையல் சீழ் பிடித்தது. வாடிப்பட்டியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியை இறந்துபோனார். ஐந்து பேரிடமும் ஒரே கிருமி. ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதுவும் வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ரகம். நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்துபோலத் தெரியும். சிலருடைய மூக்கில் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அங்கிருந்து கைக்கும் கையிலிருந்து புண்ணுக்கும் போகும். அதனால் ஆபரேஷன் அறைக்குள் போகிற ஒன்பது பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தேன்.

அறையைத் துடைக்கும் தங்கப்பொண்ணு சிரித்தாள். "என் மூக்குல மூக்குத்தியத் தவிர வேற என்னய்யா இருக்கு? கழட்டணுமா?"

"வேண்டாம். அண்ணாந்து நில்லு."

"டாக்டரய்யா மூக்குலயும் இதே குச்சிதானா, இல்ல அவுகளுக்குத் தங்கத்துல இருக்கா?"

ஜெயந்த்தும் சிரித்தான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

இதே சாயலில் சாதுவான தோல் கிருமிகளும் உண்டு. பிரித்தறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. முயல் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரில் கிருமியைக் கலந்து சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். ஆரியஸ் என்றால் தயிர்போல உறைந்துவிடும், குழாயைச் சாய்த்தாலும் அசையாது. நான்கு மணி நேரத்தில் பார்க்க வேண்டும். உறையாவிட்டால் மறுநாளும் பார்க்க வேண்டும். மறுநாள் மட்டும் பார்த்தால் போதாது. சில ரகங்கள் தாம் உறைய வைத்ததைத் தாமே கரைத்துவிடும். தாமதமாகப் பார்ப்பவனுக்குத் தண்ணீர்தான் தெரியும். இதை முப்பது ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த ஐந்து பேரின் கிருமியும் அப்படித்தான் செய்தது. காலை ஒன்பதுக்கு வைத்தால் ஒரு மணிக்குத் தயிர், மறுநாள் ஒன்பதுக்குத் தண்ணீர்.

ஒன்பது பேரில் இரண்டு குழாய்கள் ஒரு மணிக்கு உறைந்திருந்தன. ஒன்று தங்கப்பொண்ணுடையது. மற்றது ஜெயந்த்துடையது. இரண்டையும் மறுபடி பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் காலை தங்கப்பொண்ணுடையது உறைந்தபடியே இருந்தது. ஜெயந்த்துடையது கரைந்திருந்தது.

டெக்னீஷியன் தமிழ்வாணி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சார், டாக்டரோட ட்யூப் நேத்து மத்தியானம் உறைஞ்சிருந்துச்சே."

"இப்போ என்ன தெரியறது?"

"தண்ணியாத்தான் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியறதை எழுது."

எழுதினாள். முந்தைய நாள் மத்தியானமே உறைந்த குழாயைக் கைபேசியில் அவள் படம் எடுத்து வைத்திருந்தது உங்களிடமிருந்துதான் எனக்குத் தெரியும். நல்ல பெண். நான் பயிற்றுவித்தவள்.

அறிக்கையில் இருபத்துநான்கு மணி நேர முடிவு என்று தெளிவாகவே போட்டிருக்கிறேன். தங்கப்பொண்ணுக்கு ஆரியஸ் இருந்தது உண்மை. அவளுடையது எல்லா மருந்துக்கும் அடங்குகிற ரகம், அந்த ஐந்து பேருக்கு வந்தது அதுவல்ல. அதை யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

ஜெயந்த் அவளுக்காகப் பரிந்து பேசினான். "அப்பா, அஞ்சு நாள் மூக்குல ஆயின்ட்மென்ட் தடவினா போயிடும். பதினோரு வருஷமா இருக்கா. எதுக்கு அனுப்பணும்?"

"ஒரு உயிர் போயிருக்கு. யாராவது வெளியில போனாத்தான் ஊர் நம்பும்," என்றேன்.

அவளை நானே கூப்பிட்டுச் சொன்னேன். அழவில்லை. "அய்யா, நான் போனதுக்கப்புறமும் புண்ணு சீழ் பிடிச்சா அப்ப யாரு மூக்கப் பாப்பீங்க?" என்று கேட்டாள். வேறு மருத்துவமனை எதிலும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. சொந்த ஊரான பேரையூருக்கே போய்விட்டாள், அங்கும் அவள் கையால் தண்ணீர் வாங்க யோசிக்கிறார்கள் என்று கேள்வி. வருத்தம்தான்.

அந்தக் களிம்பை மகனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கொடுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். உன் மூச்சுதான் அந்த ஆசிரியையைக் கொன்றது என்று அவனிடம் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறையாக சுவாமியைத் தொட்ட வம்சத்துப் பிள்ளையிடம் எந்தத் தகப்பன் அதைச் சொல்வான்? அதன்பின் இருவருக்குச் சீழ் வந்தது. இரண்டையும் மறுநாள்தான் பார்த்தேன். தோல் கிருமி என்று எழுதினேன். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் என் மகள் மாதங்கிக்குப் பித்தப்பையில் கல். திருச்சியிலிருந்து இங்கே வந்தாள். சென்னையில் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு தடவை சொன்னேன்.

"எதுக்குப்பா? சின்ன வயசுல என் பொம்மை எல்லாத்தோட வயித்தையும் கிழிச்சவன் அண்ணா. பழகின கைதானே," என்றாள். என் மனைவி ஸ்யாமளாவும் அதையே சொன்னாள். வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டேன்.

ஜெயந்த் கைகளை உயர்த்திக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர் ஜுரம். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மறுநாளே கிருமி வளர்ந்திருந்தது. நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்து. அடுத்த நாள் காலை ஒன்பதுக்குக் குழாயை வைத்தேன். ஜெயந்த் போன் செய்துகொண்டே இருந்தான்.

"அப்பா, என்ன வளர்றது? மருந்தை மாத்தட்டுமா?"

"தோல் கிருமி மாதிரித்தான் இருக்கு. ரத்தம் எடுக்கறச்சே ஊசியில ஒட்டிண்டு வந்திருக்கும். முழுசா முடியட்டும், சொல்றேன்."

"அவளுக்கு மூச்சு வாங்கறதுப்பா."

"என் வேலையை எனக்குத் தெரியும்டா."

அன்று தமிழ்வாணிக்கு விடுப்பு கொடுத்திருந்தேன். ஒரு மணிக்குக் குழாயை எடுத்துச் சாய்த்தேன். அசையவில்லை. தலைகீழாகப் பிடித்தேன், அப்போதும் அசையவில்லை. சரியான மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். மாடிக்கு இருபத்திரண்டு படி. அங்கே போய்ச் சொல்லியிருந்தால் அன்றே ஏற்றியிருப்பார்கள். ஆனால் ஆரியஸ் என்று சொன்னால் எல்லோர் மூக்கையும் மறுபடி பார்க்க வேண்டும், இந்த முறை வெளியே வேறு பரிசோதனைக்கூடத்தில் பார்ப்பார்கள். பழி போடத் தங்கப்பொண்ணும் இப்போது இங்கே இல்லை.

குழாயைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தண்ணீராக இருந்தது. உறையவில்லை, தோல் கிருமி, கையெழுத்து, தேதி. ஜெயந்த் அதை நம்பி மருந்தை மாற்றவில்லை. பதினொன்றேகாலுக்கு மாதங்கி போய்விட்டாள். அவளை நான்தான் கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதிவிட்டேன், கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவளுடைய அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அதில் ஒரு பொய் இருக்காது. அவளும் எங்கள் வம்சத்துப் பெண்தான், கேட்டிருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் காகிதத்தை ஜெயந்த்திடம் காட்ட வேண்டாம். தங்கையின் காரியங்கள் முடிந்து திங்கட்கிழமை அவன் வேலைக்குத் திரும்புகிறான். அன்று மூன்று ஆபரேஷன். மனம் கலங்கினால் கை நடுங்கும். அவன் கை சுத்தமான கை.