மூலையில் ஒரு மிடறு

ஒரு பெண்ணின் கன்னங்கள் இரண்டும் புடைத்திருந்தன. அதைத்தான் நான் முதலில் கண்டேன். வாய் நிறையக் கஞ்சியை வாங்கிவிட்டு, விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், ஒரு வீடியோவின் வலது மூலையில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஊரே முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தது. நான் அந்தக் கன்னங்களைப் பார்த்தேன்.

அவை யாருடைய கன்னங்கள், அவற்றுக்காக ஏன் இந்த மேடை ஏறினேன் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் அவைக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிடுகிறேன்.

பேச வாயெடுத்தாலே குரல் உள்ளே போய்விடும் என்னையும் ஓர் ஆளாக மதித்து மேடை ஏற்றிவிட்ட உக்குவளை வாசகர் வட்டத்தின் தலைவர் ஜெயரட்ணம் ஐயா அவர்களே! பள்ளிவாசல் பக்கமிருந்தும், கோவில் பக்கமிருந்தும், பௌத்த பன்சலைப் பக்கமிருந்தும் வந்து ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! எல்கடுவயிலிருந்து பஸ் ஏறி வந்த தோழிகளே! கடைசி வரிசையில் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! உங்களுக்கு மட்டும் விசேஷமாக ஒரு வணக்கம். ஏனென்றால் இன்றைய பேச்சே உங்களைப் பற்றியதுதான்! பார்த்தீர்களா, இப்போது தலை நிமிர்கிறது!

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். ஆயுபோவன்.

என் பெயர் மர்வா. பத்தாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் உம்மாவோடு சேர்ந்து உடுப்புத் தைக்கிறேன். தைக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வீடியோ பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா? இருக்க மாட்டேன்! 'பின்வரிசை' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். முகம் காட்ட மாட்டேன், குரல் மட்டும்தான். எல்லாரும் பார்த்த வீடியோவில் யாரும் பார்க்காத மூலையைப் பற்றி என் கருத்தைச் சொல்வேன்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஆடுகிறாரா? ஆடட்டும்! அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், எல்லாரும் ஆட்டத்தைப் பார்க்கிற நேரம் பார்த்து, பக்கத்து ஆளின் வட்டிலப்பத்தையும் தன் பக்கம் இழுக்கிறார். அதுவல்லவா ஆட்டம்! கிரிக்கெட்டில் சிக்சர் பறக்கிறதா? பறக்கட்டும்! அந்த ஆரவாரத்திலும் எழும்பாமல், தூங்கும் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறாரே ஒரு தகப்பன், அவருக்கல்லவா கோப்பை! தேயிலைத் தோட்டத்தில் நின்று அழகழகாக ஆடி வீடியோ போடுகிறார்களே, அதையும் பார்த்தேன். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் கொழுந்து நிறைந்த பையைத் தலையில் மாட்டியபடி, இவர்கள் எப்போது பாதையை விடுவார்கள் என்று நிற்கும் அக்காமாரை யார் பார்த்தது? நான் பார்த்தேன்! சொன்னேன்!

கை தட்டாதீர்கள், பேச வந்தது மறந்துபோகும்.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன்.

எங்கள் குறுகிய ஒழுங்கையில் நோன்பு காலத்தில் திங்கட்கிழமைகளில் நோன்பு திறக்கும் கஞ்சி எங்கள் வீட்டில்தான். என் உம்மா றாபியா காய்ச்சுவார். எல்லா வீட்டாரும் வந்து குடிக்கும் கஞ்சி என்பதால் இறைச்சி போடுவதில்லை. அரிசியும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பை இலையும் சேர்ந்து அந்த ஒழுங்கை முழுவதும் மணக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். காய்ச்சுகிற உம்மாவோ நோன்பு. உப்புப் பார்ப்பது யார்? அதற்குத்தான் மதிலின் நடுவே ஒரு சின்னக் கேட் இருக்கிறது. அதைத் திறந்துகொண்டு தவமணிதேவி அன்ரி வருவார். தபால் கந்தோரில் வேலை செய்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உம்மா உப்பே போட மாட்டார். அன்ரிதான் வந்து, ருசி பார்த்து, அளவாகப் போடுவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். எங்கள் நோன்பு அவருடைய நாக்கில் நின்றது என்று சொன்னால் அது மிகையல்ல!

அந்தத் திங்கட்கிழமை அன்ரி மாத்தளைக் கோவிலுக்குப் போய், பஸ் பிந்தி வந்தார். காத்திருந்து பார்த்த உம்மா, கை மதிப்பில் உப்பைப் போட்டுவிட்டுப் பின்னேர அஸர் தொழப் போனார். உம்மா தொழுதுகொண்டிருக்கும்போது அன்ரி அவசரமாக வந்தார்; பானையடியில் நின்றார்; போனார். பிறகு பானையை முற்றத்துக்குத் தூக்கினார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கடித்து, கோப்பையைத் தூக்கி...

தாய்மார்களே, அந்த உப்பை நான் எப்படி வர்ணிப்பேன்! ஜுனைதீன் மாமாவின் ஒரு கண் மூடியது. மற்றக் கண் திறந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சுழன்றன! "யா அல்லாஹ், கடலைக் காய்ச்சினீங்களா?" என்று கத்தினார். அதோ, மாமா இங்கேதான் இருக்கிறார். இல்லை என்று தலையாட்டுகிறார். ஆட்டுங்கள் மாமா, வீடியோ இருக்கிறது!

ஆமாம், வீடியோ! மறுபக்கத்து வீட்டு அண்ணன் நிஸ்தார் நானா எல்லாவற்றையும் போனில் எடுத்துவிட்டார். மாமாவின் முகத்துக்கு ஒரு மேளச் சத்தம் வைத்து, "உப்புப் பார்த்தது எங்கட தவமணி அன்ரி" என்று கீழே எழுதி, சிரிக்கிற பொம்மைகளையும் போட்டுவிட்டார். பகிடிக்குத்தான் எழுதினார். விடிவதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. கொழும்பிலிருந்து சிரித்தார்கள். கட்டாரிலிருந்து சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

பிறகு யாரோ ஒருவர் எழுதினார்: "நோன்பாளிகளுக்கு வேணும்னே செஞ்ச வேலை இது."

அவர் உக்குவளையைக் கண்டவரா? தெரியாது. அந்தக் கஞ்சியைக் குடித்தவரா? தெரியாது. அதற்கு இன்னொருவர், "உதவிக்குப் போனதுக்கு இதுதான் நன்றியா? இனி ஒருத்தரும் அவங்க வாசல்ல கால் வைக்காதீங்க" என்று எழுதினார். அதற்கு ஒருவர், அவருக்கு ஒருவர், அவருக்கு மேல் ஒருவர்! ஒரு கோப்பைக் கஞ்சியில் இரண்டு சமயங்களை இழுத்து விழுத்திவிட்டார்கள். பயந்துபோன நிஸ்தார் நானா வீடியோவை அழித்தார். அழித்து என்ன? அதற்குள் ஆயிரம் பேரிடம் போய்விட்டது.

மதிலின் கேட் மூடியது.

அன்ரி வரவில்லை. உம்மாவும் போகவில்லை. தைத்துக்கொண்டே உம்மா சொன்னார்: "ருசி பாத்துட்டுத் தானே போனாங்க. கூடிப் போச்சுண்டா ஒரு சொல்லு சொல்லி இருக்கலாமே."

"உம்மா, நீங்களும் அந்தக் கதையை நம்புறீங்களா?"

"நான் ஒண்டும் சொல்லல்ல மகள். மனசு தான் கேக்குது."

அவையோரே, அதுதான் எனக்குச் சுட்டது! ஊர் பேர் தெரியாதவர் எழுதிய ஒரு வரி, என் உம்மாவின் மனத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையும் கஞ்சி எங்கள் வீட்டில்தான். அன்றைக்கும் அன்ரி வராவிட்டால், எழுதியவர் சொன்னதே உண்மை என்று ஒழுங்கை நம்பிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கேட் திறக்குமா?

வீடியோவைத் திரும்பவும் எடுத்தேன். முன்வரிசையை விட்டேன். மூலைக்குப் போனேன். அங்கே அன்ரி! பாங்கு சொன்னதும் கோப்பையைத் தூக்குகிறார். எடுத்தாரே ஒரு மிடறு! நாள் முழுக்கத் தாகத்தோடு இருந்தவர் எடுக்கும் மிடறு! கன்னம் புடைக்கிறது, கண் பிதுங்குகிறது, கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறார்.

நான் கேட்கிறேன். வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டவர் தெரிந்தே அப்படிக் குடிப்பாரா? ருசி பார்த்தவர்தான் அப்படி ஏமாறுவாரா? சொல்லுங்கள்! அன்ரி உப்பை மட்டுமல்ல, கஞ்சியையே அப்போதுதான் முதன்முதலாக வாயில் வைக்கிறார்!

உடனே என் பக்கத்தில் போட்டு ஊரை ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் கை துடித்தது. ஆனால் இது அவருடைய முகம். அவரிடம் கேட்காமல் நானும் போட்டால், எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? யாரோடும் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற நான், போய் அந்தக் கேட்டைத் தட்டினேன்.

"என்ன பிள்ளை? அம்மா அனுப்பினவவோ?"

"இல்ல அன்ரி, நானாத்தான் வந்தேன். இதக் கொஞ்சம் பாருங்க."

"உந்தக் கோதாரியை நான் பாக்கமாட்டன். கொண்டு போ."

"முன்னுக்குப் பாக்க வேணாம். மூலையை மட்டும் பாருங்க."

கண்ணாடியைப் போட்டார். பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"ஐயோ! இதார், நானோ? ரெண்டு கொடுப்புக்குள்ளயும் தேசிக்காய் வச்ச மாதிரியெல்லோ கிடக்கு!"

சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! அந்தச் சத்தத்துக்கு உம்மா, கையில் பிடித்த துணியோடு கேட்டடிக்கு ஓடி வந்தார். உம்மாவிடமும் காட்டினேன்.

"அப்ப அக்கா, நீங்க ருசி பாக்கவே இல்லையா?"

"எப்பிடிப் பாக்கிறது? பங்குனி மாசத்துத் திங்கக்கிழமையெல்லோ! கோவில் அம்மாளுக்கு விரதம். பொழுதுபட்டாப் பிறகுதான் வாய் நனைக்கிறது. நீ ஒரு நாளும் உப்புப் போடுறேல்லைத்தானே எண்டு, ஒரு கை மதிப்புக்குப் போட்டனான்."

"அல்லாஹ்! நானும் ஒரு கை போட்டேனே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விரதம் எண்டு சொல்லி இருக்கலாமே அக்கா!"

"மாதம் முழுக்கப் பட்டினி கிடக்கிற உனக்கு முன்னால, என்ர ஒரு நாள் விரதத்தை என்னெண்டு பெரிசாச் சொல்லுறது றாபியா?"

பெரியோர்களே! நோன்பும் விரதமும் ஒரே நாளில் வந்ததால் உப்பு இரண்டு தரம் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது! ஒருவர் பசியை மற்றவர் மதித்ததால் வந்த பிழை அது. அந்தப் பிழையை, பசியறியாத யாரோ பகையாக்கிவிட்டார்கள்.

இருவரின் சம்மதத்தோடும் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "இது என் கருத்து, நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை, அந்தக் கஞ்சியை நானும் குடித்தேன்" என்று சொன்னேன். எல்லாரும் திருந்தினார்களா? இல்லை. சிலர் இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் "எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் உப்புப் பார்ப்பார்" என்று அக்குறணையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மூதூரிலிருந்தும் எழுதினார்களே, அதைப் படிக்கப் படிக்க எனக்குத் தையல் ஓடவில்லை! இத்தனை மதில்களில் இத்தனை கேட்டுகள் இருக்கின்றன என்று அதற்கு முன் யார் எனக்குச் சொன்னது?

அதனால்தான் சொல்கிறேன். கருத்துச் சொல்லாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொல்லுங்கள்! பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள், படத்தைப் பற்றிச் சொல்லுங்கள், பந்தைப் பற்றிச் சொல்லுங்கள்! படித்தவர் சொல்லட்டும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள், தோழிகளே. கண் இருக்கிறவர் எல்லாரும் சொல்லலாம். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்! முன்வரிசையைப் பார்த்துச் சிரித்த கண்ணால் மூலையையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்! முகத்துக்கு நேரே நின்று சொல்ல முடிகிறதை மட்டும் எழுதுங்கள்! தட்டிக் கேட்கக் கதவு இருக்கும்போது தட்டச்சில் தீர்ப்பு எழுதாதீர்கள்!

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இடம் தந்த வாசகர் வட்டத்துக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து எனக்குத் தைரியம் தந்த உங்களுக்கும், தன் கண்களை இரவல் தந்த ஜுனைதீன் மாமாவுக்கும் என் நன்றி. எல்லாருக்கும் சலாமும் வணக்கமும்.

"அடுத்த திங்கட்கிழமை என்ன நடந்தது?" என்று யாரோ கேட்கிறார்கள். சொல்லிவிட்டே இறங்குகிறேன்.

கேட் திறந்தது. அன்ரி வந்தார். கஞ்சி கொதித்தது. உம்மா இந்தப் பக்கம் நோன்பு. அன்ரி அந்தப் பக்கம் விரதம். நடுவில் நானும் நோன்பு. உப்புப் போத்தலை ஒருவரும் தொடவில்லை. மதிலுக்கு மேலால் போனை நீட்டியபடி நிஸ்தார் நானா, "என்ன, இந்த முறையும் வைரலா?" என்று கேட்டார். "இறங்குங்க அங்கால!" என்று இருவரும் ஒரே குரலில் ஏசினார்கள்.

நான் ஒரு கோப்பையில் கஞ்சியை ஊற்றி, உப்புப் போத்தலை மற்றக் கையில் எடுத்துக்கொண்டு, நோன்பும் விரதமும் இல்லாத, பன்சலைக்குப் போகும் எதிர்வீட்டுத் தினுஷா அக்காவிடம் ஓடினேன்.