கோடு வரைக்கும்

— ஆயில் குடிக்கலைன்னா சந்தோஷப்படணும்க்கா. நீ என்னடான்னா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே.

— டேய், வாயை மூடிட்டு அந்த டார்ச்சை இப்படிப் பிடி. அம்மா, மறுபடியும் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வண்டிக்குக் கடைசியா ஆயில் ஊத்தினது யாரு?

— எங்க வீட்டுக்காரர்தான்ம்மா. அவர் போனதுக்கப்புறம் இந்த பானெட்டை நான் திறந்ததே இல்ல. எப்படித் திறக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாது.

— அப்போ வண்டியை ஓட்டுறது?

— வாரத்துக்கு ஒரு தடவை டிரைவர் ஒருத்தரை வரச் சொல்வேன். ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்திட்டுப் போயிடுவார். சும்மாவே நிறுத்தி வச்சா கெட்டுடும்னு சொன்னாங்க.

— அக்கா, அந்த டிரைவர் ஊத்தியிருப்பார். விஷயம் முடிஞ்சது. வாங்கிடலாமா?

— அந்த மனுஷன் கண்ணாடியில எச்சம் விழுந்தாக்கூடத் துடைக்க மாட்டார் தம்பி. அவராவது ஆயில் ஊத்துறதாவது.

— கேட்டியாடா? இந்தா பாரு, இது ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஓட ஓட விரட்டுறதுக்குன்னே செஞ்ச இன்ஜின். கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும், அதுல தப்பே இல்ல. எவ்வளவு குடிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கா, இன்னும் தாங்குமான்னு நான் சொல்ல முடியும். பழைய வண்டி வாங்குறவன் முதல்ல பார்க்க வேண்டியது அதை. நீ எதைப் பார்த்தே?

— சிவப்பு நல்லா இருக்குல்லக்கா?

— நினைச்சேன். நீ ஓட்டிட்டுப் போனப்போ பின்னாடியே ஸ்கூட்டர்ல வந்தேன். காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சே பாரு, சைலன்சர்ல நீலமா ஒரு புகை. அது ஆயில் எரியுற புகை. எரிஞ்சா குறையணும். இங்க ஆயில் அளக்குற டிப்ஸ்டிக்கைப் பாரு, மேல் கோட்டைத் தொட்டுட்டு நிக்குது. அதுவும் நேத்து டப்பாவைத் திறந்து ஊத்தின மாதிரி, தேன் கணக்கா.

— பெட்ரோல் ஏதாவது கலந்து ஏறியிருக்குமோ?

— மோந்து பாரு.

— ம்ஹூம். ஆயில் வாசனைதான்.

— தண்ணி இறங்கியிருந்தா கலங்கி வெளுத்துப் போயிருக்கும். அதுவும் இல்ல. அப்போ யாரோ ஊத்துறாங்க. அம்மா, இந்த ஷெட்டுக்கு எத்தனை சாவி?

— ஒண்ணே ஒண்ணு. என் கழுத்துச் செயின்லதான் கோத்து வச்சிருக்கேன். நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?

— அப்படிச் சொல்லலைம்மா. என் தம்பிக்குக் கல்யாணமாகி வருஷம்கூட ஆகலை. இந்த வண்டியில அவனும் அந்தப் பொண்ணும் மலைப் பாதையில போகும்போது இன்ஜின் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா நான் யார்கிட்ட போய் அழறது? அதான் நோண்டுறேன். கொஞ்சம் ஆயிலை இந்தக் குழாய் வச்சு உறிஞ்சி, கேன்ல எடுத்துக்கிறேன். வெளிச்சத்துல வச்சுப் பார்க்கணும்.

— அய்யோ, குறைச்சுடாதீங்கம்மா.

— ஏன்?

— இல்ல... ஒண்ணுமில்ல. எடுத்துக்கோங்க. வாங்க, உள்ள போய் டீ குடிக்கலாம்.

— டேய், நீ பாத்துக்கிட்டே இருந்தேல்ல? கீழ் கோட்டுக்கும் கீழ இறக்கிட்டேன். அந்தத் துணியை அப்படியே கீழ போடு. அம்மா, நீங்களே பூட்டுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, சாவி டீ குடிக்கிற வரைக்கும் என் பாக்கெட்ல இருக்கட்டும்.

— வச்சுக்கோங்க. எனக்கும் அதுதான் நல்லது.

\*

— உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க. அடுக்களைதான், ஆனா காத்து வரும்.

— பரவால்லம்மா. ஆமா, இந்தப் பால் பாத்திரத்துல என்ன, உள்பக்கம் கோடு கீறியிருக்கு?

— அது ஆணியால கீறினது. அவர்தான்.

— சர்க்கரை டப்பாவுலயும் இருக்கு. அக்கா, இங்க பாரேன், பாத்திரம் தேய்க்கிற சோப்பு பாட்டில்லகூட! என்னம்மா இது, அளவு போட்டே குடும்பம் நடத்தியிருக்கார்?

— டேய், சும்மா இருடா.

— கேக்கட்டும்மா. கேக்க ஆள் வந்தே எவ்வளவு நாளாச்சு. அவருக்கு மருந்து கம்பெனி லேப்ல வேலை. நாள் பூரா அளந்துட்டு, வீட்டுக்கு வந்தும் அளப்பார். வாசல்ல செருப்பைக் கழட்டினதும் நேரா இங்கதான் வருவார். ஒவ்வொண்ணாத் தூக்கிக் கோட்டைப் பார்ப்பார்.

— கோட்டுக்குக் கீழ போயிருந்தா?

— கேப்பார்.

— என்னன்னு?

— யார் வந்தாங்கன்னு. அவ்வளவுதான். சத்தம்கூடப் போட மாட்டார். யார் வந்தாங்க. நான் யாரும் வரலைம்பேன். மறுபடியும் யார் வந்தாங்க. விடிய விடிய அதே கேள்விதான். என் தங்கச்சி ஒரு நாள் வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போனா. அன்னிக்கு நான் பட்ட பாட்டை யார்கிட்ட சொல்ல? அதுக்கப்புறம் அவளை நானே வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.

— அடிப்பாராம்மா?

— ஒரு நாளும் அடிச்சதில்ல. அடிச்சிருந்தா யார்கிட்டயாவது காட்டியிருக்கலாம்.

— கேக்கவே வயிறு எரியுது எனக்கு. சரி, இப்பத்தான் போய்ச் சேர்ந்துட்டாரே. இந்தப் பாத்திரத்தை எல்லாம் தூக்கிக் கடாச வேண்டியதுதானே?

— செய்யணும். என் தங்கச்சியும் அதேதான் சொல்றா. வந்து கூடவே இருக்கேன்னு சொல்லியிருக்கா. ஆனா அந்த வண்டி ஷெட்ல நிக்கிற வரைக்கும் வாசப்படி மிதிக்க மாட்டாளாம். வண்டி போகணும்மா. அது போனாத்தான் எனக்கு மனுஷங்க முகத்தைப் பார்க்கக் கிடைக்கும். இந்தாங்க, டீ. பால் தாராளமா ஊத்தியிருக்கேன். பாத்திரத்தையே உங்களுக்காகக் கவுத்துட்டேன்.

— சூப்பர் டீம்மா. அக்கா போடுறது வெந்நீர்.

— உனக்கு அதுவே ஜாஸ்தி. குடிச்சாச்சா? எந்திரி, வண்டியைப் பார்த்துட்டுக் கிளம்பலாம்.

\*

— அக்கா, என்ன, பூட்டுல சாவியே போக மாட்டேங்குது? குடு, நான் திறக்குறேன்.

— கை வழுக்குதுடா. ம், திறந்தாச்சு. லைட்டைப் போடு. பானெட்டைத் தூக்கு. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சுட்டு மறுபடி விட்டு எடு.

— எடுத்துட்டேன்.

— எங்க நிக்குது?

— மேல் கோடு.

— ஒழுங்காப் பாருடா.

— மேல் கோடுதான்க்கா! நீயே பாரு! நீ உறிஞ்சி எடுத்த ஆயில் அந்தக் கேன்லதானே இருக்கு?

— இதோ, என் கையிலதான் இருக்கு. இங்க வேற கதவு?

— கிடையாதும்மா. ஜன்னலும் இல்ல.

— அக்கா, இந்தப் புனலைத் தொட்டுப் பாரு. உள்ள ஈரமா இருக்கு. இந்த ரேக்ல ஆயில் டின்னு எல்லாம் மூடித்தானே இருந்துச்சு? ஒண்ணு திறந்திருக்கு.

— நான் கீழ போடச் சொன்ன துணி எங்க?

— இங்க இருக்கு. பேட்டரி மேல. அக்கா... நான் கசக்கிப் போட்டேன். இது நாலா மடிச்சிருக்கு.

— அவர் அப்படித்தான் மடிப்பார்.

— உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் எங்களுக்கு டீ போட்டுக் குடுத்தீங்களா?

— திட்டுங்கம்மா, திட்டுங்க. முன்னாடி பார்க்க வந்தவங்ககிட்ட உள்ளதைச் சொன்னேன். டம்ளரைக்கூடக் கீழ வைக்காம கையோட கொண்டுக்கிட்டு ஓடினாங்க. அதான் உங்ககிட்ட சொல்ல வாய் வரலை. இதே இடத்துலதான் போனார். ஆயில் பார்க்கக் குனிஞ்சவர் அப்படியே இன்ஜின் மேல சாஞ்சுட்டார். டிப்ஸ்டிக்கை அவர் கையில இருந்து பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.

— அக்கா, வா போயிடலாம். எனக்கு சிவப்பு கலரே பிடிக்காது. எப்பவும் பிடிச்சதில்ல.

— நில்லுடா. அம்மா, வீட்டுக்குள்ள வருவாரா?

— இல்லம்மா. ஒரு நாளும் வந்ததில்ல. வண்டியை விட்டு நகர மாட்டார். ஷெட்ல மூடி திறக்கிற சத்தம் கேக்கும், நான் தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்குவேன். வண்டின்னா அவருக்கு உயிர். அது போற இடத்துக்குக் கூடவே போயிடுவார்னுதான் விக்கப் பார்க்குறேன். உங்க தலையில கட்டப் பார்த்தேன்னு நினைச்சா மன்னிச்சுடுங்க. நீங்க கிளம்புங்க. நான் தங்கச்சிகிட்ட வர வேண்டாம்னு சொல்லிடுறேன்.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். வண்டியை நான் எடுத்துக்கிறேன்.

— அக்கா! உனக்குப் பைத்தியமா? காலையில இருந்து வேண்டாம் வேண்டாம்னு குதிச்சது நீதானே?

— உனக்கு இல்லடா. என் பட்டறைக்கு. இன்ஜினைப் பிரிச்சு, போல்ட்டு போல்ட்டாக் கழட்டி, இரும்பை உருக்கக் குடுத்துடுவேன். ஊத்துறதுக்கு ஓட்டையே இல்லைன்னா அந்த மனுஷன் எதுல ஊத்துவார், பார்த்துடுறேன்.

— உங்களுக்கு ஏதாவது ஆகிட்டா?

— என் பட்டறையில கோடெல்லாம் நான்தான்ம்மா போடுவேன். டேய், மசமசன்னு நிக்காதே. டின்னு, புனல், துணி, எல்லாத்தையும் ஏத்து. ஒரு சொட்டு ஆயில் இங்க இருக்கக் கூடாது. அம்மா, ஷெட்டை நல்லாக் கூட்டித் தண்ணி ஊத்தி விடுங்க. கதவைப் பூட்டாதீங்க, பப்பரப்பான்னு திறந்தே போடுங்க. இங்க அவருக்கு வேலையே இல்லைன்னு தெரியணும்.

— நீங்க நல்லா இருக்கணும்மா. நல்லா இருக்கணும்.

\*

— ஹலோ, அம்மாவா? நேத்து வண்டி எடுத்துட்டு வந்தேனே, அந்த மெக்கானிக்தான் பேசுறேன். விடியக் காலையில எழுப்பிட்டேனா?

— இல்லம்மா, இப்பத்தான் எந்திரிச்சேன். அப்படி ஒரு தூக்கம், நானா தூங்கினேன்னு இருக்கு. தங்கச்சி பஸ் ஏறிட்டாளாம். மத்தியானம் வந்துடுவா. நீங்க சொல்லுங்க, அங்க எப்படி இருக்கு? எனக்கு உங்க நினைப்புதான்.

— அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நேத்து சாயங்காலம் ஆயிலைப் பாதியா இறக்கி, டின்னையும் புனலையும் பக்கத்துலயே வச்சுட்டுப் பூட்டினேன். இப்ப வந்து பார்த்தா, வச்சது வச்சபடி இருக்கு! மட்டம் ஒரு நூல்கூட ஏறலைம்மா!

— நிஜமாவா?

— சத்தியமா. ஸ்டார்ட் பண்ணி நல்லா விரட்டியும் பார்த்துட்டேன். குறையுது! இது சாதாரண வண்டிம்மா. எல்லா வண்டியும் மாதிரி ஆயில் குடிக்குது. என் தம்பி மறுபடியும் சிவப்பு பிடிச்சிருக்குன்னு ஆரம்பிச்சுட்டான்.

— கேக்கவே எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? இருங்க, அடுக்களைக்குப் போயிட்டே பேசுறேன். தங்கச்சி வர்றதுக்குள்ள பால் வாங்கிட்டு வரணும். பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வச்சதோட சரி.

— அக்கா, ஒரு நிமிஷம்.

— என்னடா, போன் பேசுறேன்ல?

— இல்ல, வண்டியில ஊத்தலைன்னா... அவரு இங்க வரவே இல்லைன்னுதானே அர்த்தம்? அப்போ அவரு எங்கக்கா போனாரு?

— எங்கயோ போய்த் தொலையட்டும், உனக்கென்ன... ஹலோ? அம்மா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— என்னாச்சு? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— பாத்திரம் நிமிர்ந்து நிக்குதும்மா. கோடு வரைக்கும் பால் இருக்கு.

— தங்கச்சி முன்னாடியே வந்து ஊத்தி வச்சிருப்பாங்க... பக்கத்து வீட்டுல யாராவது...

— வாசக்கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு. ஷெட்டுக் கதவுதான் திறந்து கிடக்கு, நீங்க சொன்ன மாதிரியே.

— அம்மா, நீங்க உடனே வெளிய வாங்க. நாங்க இப்பவே கிளம்பி வர்றோம். கேக்குதா? வெளிய வாங்க!

— நேத்து நீங்க ரெண்டு பேரும் குடிச்ச டம்ளரை எடுத்து மேஜையில பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கு. மெதுவாப் பேசுங்கம்மா... யார் வந்தாங்கன்னு கேக்குறார்.