இடப்பக்கத்து ஸ்பிரிங்

ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், சார். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இருபத்தாறு வருஷமாக லாரிப் பட்டறை நடத்துகிறேன். தொழிலில் நான் சோடை போனதில்லை என்று எதிர்ப்பட்டறைக்காரனே சொல்வான்.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என் மாமனாருடையது. நாற்பது வயசு வண்டி, இரண்டே இருக்கை. அவர் போனபின் என் மனைவி ஓட்டினாள். மலைமேல் இருக்கிற வானிலை நிலையத்தில் அவளுக்கு வேலை. வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தொப்பை இடிக்கும் என்பதால் நான் அதில் ஏறியதே இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு கார் தரையோடு தரையாகத் தாழ்ந்துவிட்டது. "ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் நீங்களே பாத்து எடுத்துப் போடுங்க. அப்பா வண்டி, கண்டவங்க கையில குடுக்க மனசு வரல" என்றாள். ஸ்ட்ரட் என்பது ஸ்பிரிங்கைத் துள்ளவிடாமல் அடக்கும் எண்ணெய்க் குழாய். அது செத்துப்போனால் சக்கரம் ரோட்டில் நிற்காது.

முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். இடப்பக்கத்து ஸ்பிரிங் பதினாறு மில்லிமீட்டர் குட்டை. ஸ்டியரிங் இருப்பதோ வலப்பக்கம். தனியாகப் போய்த் தனியாக வருகிறவள் வலப்பக்கத்தைத்தானே அமுக்கியிருக்க வேண்டும்? இடப்பக்கம் தினமும் ஒருவன், அதுவும் அவளைவிடக் கனத்தவன் உட்கார்ந்தால் ஒழிய இது நடக்காது. இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இடப்பக்க இருக்கை பின்னால் தள்ளியிருந்தது. சாப்பாட்டுப் பை வைக்கத் தள்ளியதாகச் சொன்னாள், நான் கேட்காமலே. புதுசு வாங்கும்வரை பழைய ஸ்பிரிங்கையே மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் நான்காம் வளைவில் மறைந்து நின்று பார்த்தேன். தனியாகத்தான் போனாள். அவ்வளவு உஷார்.

கடைசியில் கேட்டே விட்டேன். "உன்கூட யாராவது வர்றாங்களா?"

"யாரு வருவா? கூப்பிட்டா நீங்களே வர மாட்டேங்கறீங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

கடையில் அந்த வண்டிக்கென்றே வந்த அசல் செட்டை வாங்கினேன். பெட்டியைக் காட்டியபோது அதைத் தட்டிக்கொடுத்தாள், அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றாள். பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டேன். வண்டிக்கு வேண்டியதைப் பட்டறையின் பழைய சாமான் குவியலில் தேர்ந்தெடுத்தேன். முன்னால் விறைப்பான ஸ்பிரிங். பின்னால் எண்ணெய் வற்றிய ஸ்ட்ரட், மேலே புதுப் பெயின்ட். ஒரு ஆள் பாரத்துக்கு வண்டி தாங்கும், இரண்டு பேர் ஏறினால் ஈர வளைவில் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும் என்பது என் கணிப்பு. அவள் யோக்கியமாக இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. இதைவிட நியாயமாக ஒரு புருஷன் நடந்துகொள்ள முடியுமா, சொல்லுங்கள்.

சாவியைக் கொடுத்தபோது, "வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கதவைத் திறந்து பிடித்தாள். முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை தூறல். ஒன்பதாம் வளைவு. பள்ளத்திலிருந்து அவளைத் தூக்கி வந்தார்கள். இன்னொருவர் எங்கே என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்கள். மறுபடி இறங்கிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் நீங்கள் நோட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இன்று அந்தப் பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்தீர்கள். முன் ஸ்பிரிங் இரண்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது, ஒன்றில் வலது, ஒன்றில் இடது. புத்தம் புது இடது, வலதைவிடக் குட்டை. ஓட்டுகிறவர் பாரத்தில் வண்டி சாயாதிருக்க வலப்பக்கத்தை நீளமாகவே செய்வார்களாம், கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. லாரியில் இந்த வழக்கம் கிடையாது. பெட்டியைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிறீர்கள். சரி. வண்டியை அப்படி அமைத்தது நான். அவளைக் கொன்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் புது ஸ்பிரிங்குகளை நீங்கள் அளந்தபோது நானும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வித்தியாசம் பதினைந்து மில்லிமீட்டர். நான் அளந்தது பதினாறு. அந்த ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அங்கே உட்கார்ந்திருந்தவன் யார் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், சார்.