விண்வெளி நிலையம் கடந்துபோன காலை

பெயர் கேதீஸ்வரி. வயது நாற்பத்தொன்று. வசிப்பிடம் கல்லடி, வாவிக்கரை வீதி. தொழில் தையல். தாயார் இறந்த பின்னர் தனியாக வசித்து வருகிறேன். காலஞ்சென்ற முகைதீன்பாவா என்பவர் எனக்கு உறவினர் அல்லர். அவருடைய பெயரை ஆஸ்பத்திரியில்தான் அறிந்தேன்.

விண்வெளி நிலையம் எமது பகுதிக்கு மேலாகக் கடக்கும் நாட்களைத் தொலைபேசியில் பார்த்து, விடியுமுன் வாவிக்கரைக்குச் செல்வது எனது வழக்கம். அது சிமிட்டாத வெள்ளியைப் போல நகரும். அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் தனியாக இருட்டில் ஏன் நின்றீர் என்று பொலிஸ் பொறுப்பதிகாரி கேட்டதற்கு இதுவே எனது பதில்.

சென்ற மாரிக்குப் பின்னர் ஒரு நாள், வலை எடுத்துக்கொண்டிருந்த காலஞ்சென்றவர் தோணியில் இருந்தபடி, "தங்கச்சி, மேல என்ன பாக்கிறீங்க?" என்று கேட்டார். நான் கையால் காட்டினேன். அவர் வலையை விட்டுவிட்டு அது மறையும்வரை பார்த்தார். அதன் பின்னர் அது வரும் காலைகளில், அண்ணன் முறை வைத்து, "காக்கா, வருது" என்று கூப்பிடுவேன். அவர் கையை உயர்த்துவார். வேறு பேச்சு இருக்கவில்லை. சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அது மட்டுமே.

சம்பவ தினம் நிலையம் மேற்கே தோன்றியதும் கூப்பிட்டேன். கை உயரவில்லை. அதன் பின்னர் தோணி காற்றின் போக்கில் நகர்வதைக் கண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சென்று பார்த்தபோது, அவர் நெஞ்சைப் பிடித்தபடி வலையின் மேல் கிடந்தார். அதன் பின்னர் தோணியைக் கரைக்கு இழுத்துவந்து, அம்புலன்சுக்கு அறிவித்து, அவருடைய தலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் கண் திறந்து, "போயிட்டுதா?" என்று கேட்டார். "இல்ல காக்கா, இன்னும் போகுது, பாருங்க" என்றேன். அவர் மேலே பார்த்தார். அம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இருக்கவில்லை.

அதன் பின்னர் ஆஸ்பத்திரியில் அவருடைய மகள் றஸீனா என்னிடம் நீங்கள் யார் என்று கேட்டார். ஈரச் சேலையோடு நின்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "வானம் காட்டுற தங்கச்சி எண்டு வாப்பா சொல்றது உங்களத்தானா?" என்றார். ஓம் என்றேன்.

இதில் நான் கூறியவை யாவும் நடந்தவை. காலஞ்சென்றவரிடம் நான் சொன்னது மட்டும் உண்மையல்ல. அப்போது நிலையம் கடல் பக்கம் போய் மறைந்துவிட்டது; வானத்தில் ஒன்றும் இருக்கவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டு, சரியெனக் கண்டு, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கேதீஸ்வரி