ஆமென் சொல்லும் வாய்

பாகூரிலிருந்து கடலூர் போகும் காலை பஸ். பிரெஞ்சுக்காரர் போய், எல்லைச் சுங்கச் சாவடியை எடுத்து ஒரு வருஷம் ஆகியும், அந்த டிரைவருக்கு அங்கே நிறுத்தாமல் போக மனம் வரவில்லை. இன்ஜின் அடங்கியதும் முன் சீட்டுப் பேச்சு காதில் விழுந்தது.

“எட்டு நாளா ஆமென் சொல்லாமலேதான் ஜெபத்த வுட்டு எழுந்துக்கறேன்க்கா.”

சொன்னவளுக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்தில் இருந்தவள் மூத்தவள்.

“ஏன் எஸ்தரு?”

“எங்க வூட்ல ஜெபம் நான் பண்ணுவேன், ஆமென் அவரு சொல்லுவாரு. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். இப்ப கரும்பு வெட்டுற கத்தி கால்ல பட்டு, ரணஜன்னி வந்து, வாயே பூட்டிக்கிச்சே.”

“வாய் பூட்டுனா இன்னா, காது கேக்குமில்ல? காதாண்ட போய் ஜெபம் பண்ணு. மனசுக்குள்ள சொல்லிக்குவாரு.”

“சத்தம் கேட்டாலே ஒடம்பு வில்லா வளையுதுக்கா. பேசக் கூடாதுன்னு நர்சம்மா வெளிய அனுப்பிடறாங்க.”

“அப்ப அவருக்கும் சேத்து நீயே சொல்லு. ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு. நம்ம லுத்தரன் கோயில் ஐயரும் அதானே சொன்னாரு.”

“நான் சொல்லிட்டா, இனிமே அவரு சொல்ல மாட்டாருன்னு நானே ஒத்துக்கினாப்ல ஆயிடும்.”

மூத்தவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சரி, பண்ணு” என்றாள்.

எஸ்தர் முணுமுணுத்து ஜெபித்தாள். முடித்த பிறகும் இருவரும் தலை குனிந்தபடியே காத்திருந்தார்கள்.

பஸ் கிளம்பிக் கடலூர் போய் நின்றதும், “ஆஸ்பத்திரி எறங்கு” என்றார் கண்டக்டர்.