இருபத்து மூன்று நாள்

என் வீட்டுக்காரருக்கு இட்லிக்குப் பதமாக மாவாட்டத் தெரியும் என்பது, கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, மேடம். அதுவும் அவர் கால் முறிந்ததால்.

நாங்கள் நாங்குநேரிப் பக்கம். படப்பையில் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பேச்சிராஜுக்கு ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் வேலை. ஐம்பத்திரண்டு நொடிக்கு ஒரு சீட் முன்னால் வந்து நிற்கும். ஆறு போல்ட் முடுக்க வேண்டும். ஒன்றுக்குப் போவதென்றாலும் மாற்றாள் வந்தால்தான். விடியற்காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ். இரண்டரைக்கு ஷிப்ட் முடிய வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கு ஒரு லிஸ்ட் ஒட்டுவார்கள். பேர் இருந்தால் ஓ.டி. பார்த்தே ஆக வேண்டும். அவர் பேர் தினமும் இருந்தது. வந்தால் தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போவார். மகள் கார்முகிலுக்கு நாலு வயசு. ஞாயிற்றுக்கிழமை அவர் தூக்கினால் அழுவாள்.

தை மாசம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் கால் மடங்கி எலும்பு முறிந்தது. இருபத்து மூன்று நாள் வீட்டில் இருந்தார். உட்கார்ந்தபடியே மாவாட்டினார். பிள்ளைக்கு ரெட்டைச் சடை போட்டார், கோணலாக. மூன்றாம் நாள் அவள் அவர் வயிற்றின் மேல் படுத்துத் தூங்கினாள்.

"இன்னா பாண்டிச்செல்வி, ஊட்டுக்காரு கால ஒட்ச்சிக்கினு குந்திகீறாரு, நீ இன்னாடான்னா சிரிச்சிக்கினு கீறே" என்றார் கீழ்வீட்டு ஓனரம்மா காமாட்சியம்மாள். நான் சிரித்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

அவர் திரும்ப வேலைக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமையும் லிஸ்டில் சேர்ந்தது.

"ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"ஏளா, யார்ட்டப் போயிச் சொல்ல? நான் காண்ட்ராக்ட் ஆளு. மாட்டேன்னா நாளைக்கே கேட்டுல நிப்பாட்டிருவான்."

அவர் போனிலிருந்து சூப்பர்வைசர் நம்பரை எடுத்து நானே பேசினேன். "எனக்கே லிஸ்ட் மேலேர்ந்துதான்மா வருது. என் பொண்ணுக்குக் காது குத்தினப்போ நான் லைன்ல நின்னுகினு இருந்தேன்" என்றார். பாவம், நல்ல மனுஷன். யாரிடம் கேட்டாலும் மேலே கை காட்டினார்கள். என் கைக்கு எட்டியவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

முதலில் ரசத்தில் பேதி மருந்து கலந்தேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஒரு நாள்தான் நின்றார். மறுநாள் கண் குழிந்துபோய் பஸ் ஏறிவிட்டார். வயிறு என்றால் ஒரு நாள். கால் என்றால் இருபத்து மூன்று.

எங்கள் மாடிப்படி வெளிப்பக்கம், சிமெண்டு. கீழிருந்து நாலாவது படியில் நல்லெண்ணெய் ஊற்றினேன். யோசிக்காமல் செய்யவில்லை, மேடம். அதற்கு மேலே என்றால் உயரம். கீழே என்றால் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அன்றைக்கென்று பஸ் நேரத்துக்கு முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. அவர் ஓடி இறங்கினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. முதுகு படி விளிம்பில் மோதியது.

முதலில் படியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகுதான் காமாட்சியம்மாளைக் கூப்பிட்டேன். எண்ணெயோடு விட்டால் ஓடி வருகிறவர்களும் விழுவார்கள் அல்லவா? அவர் தரையில் கிடந்தபடி நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று மாசமாகிறது. மூத்திரப் பையை மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது எல்லாம் நான்தான். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அவர் அண்ணன் வனமாமலை ஊரிலிருந்து வந்தார். அவரிடம்தான் இவர் வாய் திறந்தார்.

"அண்ணே, என்னையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு. இவ கையால தண்ணி குடிக்கவே பயமா இருக்கு."

அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது எல்லாம் நிஜம். எண்ணெய் ஊற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரை மட்டும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள், மேடம். இப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறோம்.